சாம்பல் கயிறு

எங்கள் பஜாரில் கடைக்காரர்களுக்கு ஞாபகம் போனது ஆடி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி முடித்த கையோடு. முதலில் மாட்டிக்கொண்டவர் தையல்கடை குலசேகரன். சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் போன் அடிக்கிறதே என்று படி இறங்கி, பேசி, மறுபடி படி ஏறினால், குலசேகரன் கழுத்தில் கிடந்த டேப்பைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார், உக்காருங்க, பேண்ட்டா சட்டையா?" என்கிறார். வாத்தியார் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு வேறு வழியில்லாமல் கையை விரித்து இன்னொரு தடவை அளவு கொடுத்தார். மத்தியானத்துக்குள் பஜார் முழுக்க இதே கூத்து. மளிகைக் கடையில் பாதி சாமான் எடுத்து வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வந்தால் அவர் யாரென்றும் தெரியவில்லை, எடுத்து வைத்த சாமான் யாருடையதென்றும் தெரியவில்லை, படி தாண்டினால் ஆள் காலி, அவ்வளவுதான்.

காரணம் என்ன என்று எங்களிடம் கேட்காதீர்கள், எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வீட்டுக்குப் போனால் அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, கல்யாணமான புதிதில் மாமியார் சொன்ன சுடுசொல் வரைக்கும் இருந்தது. வாங்க வந்தவர்கள் மட்டும்தான் நிற்கவில்லை. பேர் எழுதி வைத்தார்கள், போட்டோ எடுத்து வைத்தார்கள். பேரும் இருந்தது, முகமும் இருந்தது, ஆனால் அது யாரென்று கேட்டால் முழித்தார்கள். ஜெராக்ஸ் கடை ஆரோக்கியம்தான், இன்டர்நெட் தெரிந்த மனுஷன் என்பதால், இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார். "கம்ப்யூட்டர்ல நீங்க போற எந்த இன்டர்நெட்டுப் பக்கத்துக்கும் உங்கள ஞாபகம் கிடையாது வே. ஒவ்வொரு தடவையும் நீங்க அதுக்குப் புது ஆளுதான். அதுக்காகத்தான் குக்கீன்னு ஒரு அடையாளச் சீட்ட உங்க கம்ப்யூட்டர்லயே போட்டு வச்சிட்டுப் போகும், திரும்ப வரும்போது அதைப் பாத்துத்தான் 'ஓ, நீயா'ன்னு கேக்கும். நம்ம பஜார் இப்பதான் அந்த நெலமைக்கு வந்திருக்கு" என்றார். நாங்கள் தலையாட்டினோம், புரிந்தது மாதிரி.

எங்களுக்கு வழி கிடைத்தது மருந்துக்கடை கோமதிநாயகம் அண்ணாச்சியால். குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்தவர், மந்திரித்த வெள்ளைக் கயிறு மிச்சம் இருந்ததை, கடைக்கு வந்தவர்கள் கையில் ஒரு நல்ல எண்ணத்தில் கட்டிவிட்டார். மறுநாள் அதில் ஒரு பெரியவர் மாத்திரை வாங்கக் கை நீட்ட, அண்ணாச்சியின் விரல் தற்செயலாக அந்தக் கயிற்றில் பட, பட்ட மாத்திரத்தில் அவருடைய சர்க்கரையும், காலை மாத்திரையும், போன வாரம் இருமல் மருந்து கேட்டு இல்லையென்று திரும்பிப் போனதும் அத்தனையும் அண்ணாச்சிக்குத் திரும்பி வந்துவிட்டது. அண்ணாச்சி அழுதேவிட்டார், பாவம்.

அப்புறமென்ன, கடைக்குக் கடை கயிறு. மளிகைக்கு மஞ்சள், செருப்புக்குக் கறுப்பு, ஜவுளிக்குச் சிவப்பு, டீக்கடைக்குப் பச்சை. ஒரு கடை கட்டின கயிறு அந்தக் கடைக்காரரிடம் மட்டும்தான் பேசும். மருந்துக்கடைக் கயிற்றைச் செருப்புக்கடைக்காரர் தொட்டால் அது வெறும் நூல். சும்மா சொல்லக்கூடாது, பழைய நாளைவிட இது சௌகரியமாகத்தான் இருந்தது. டீக்கடையில் வாயே திறக்க வேண்டாம், கையை நீட்டினால் சீனி கம்மி, ஆடை இல்லாமல் வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் குணமும் அதற்குத் தோதாக இருந்தது. யாராவது கயிறோடு வந்தால் எங்களுக்குக் கை தானாக நீளும், எதுக்கு என்று கேட்பது மரியாதையில்லை, கட்டின கயிற்றைக் கத்தரியால் வெட்டுவது அதைவிடப் பாவம். அது தானாக இற்று விழும், விழுந்தால் எடுத்து மரத்தில் கட்டுவோம். அதனால் முழங்கை வரைக்கும் கயிறாகத் திரிந்தோம், குளிக்கும்போது மட்டும் கொஞ்சம் நாறும்.

அடுத்த வருஷ வெயிலில்தான் ஏசிக்காரர் வந்தார். மோகனரூபன் என்று பெயர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஏசி, இலவசம், கரண்டு செலவும் அவரே பார்த்துக்கொள்வார். பதிலுக்குக் கடைக்காரர் தன் கயிற்றைக் கட்டும்போது கூடவே அவருடைய சாம்பல்நிறக் கயிற்றையும் கட்டிவிட வேண்டும், அது போதும். மயிர்போல மெல்லிசான கயிறு, கையில் இருப்பதே தெரியாது. எல்லாக் கடைக்கும் ஒரே சாம்பல். முதல் கடையில் கட்டுவார்கள், அடுத்தடுத்த கடைகளில் அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டு நீட்டுவார்கள். கட்டுவது கடைக்காரர் கை, ஆனால் கயிறு ஏசிக்காரருடையது. பஜார் மாடியில் ஒரு அறை எடுத்து, அந்தக் கயிற்றின் நூல்கண்டுகளை விரலிடுக்கில் ஓடவிட்டபடி அவர் உட்கார்ந்திருப்பார், யார் எந்தக் கடையில் ஏறினார்கள், எதைத் தொட்டுப் பார்த்தார்கள், எதை வைத்துவிட்டு வந்தார்கள் என்பது அத்தனையும் அவருக்கு வந்துவிடும், அதை வேண்டியவர்களுக்கு அவர் விற்பார். இதை அவர் மறைக்கவுமில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சியிடம், "யாரு வர்றாங்க, என்ன கேக்குறாங்க, அவ்வளவுதான் சார் எனக்கு வேணும்" என்று வாய்திறந்து சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அப்போது ஏசியை ஓடவிட்டிருந்தார்கள், முதுகில் வழிந்த வேர்வை ஜில்லென்று அடங்கிக்கொண்டிருந்தது, அண்ணாச்சி சரி என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். கணக்கு வாத்தியார் பாத்திரக் கடையில் ஒரு குக்கரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார், வாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் குக்கர்க்காரர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் குக்கரோடு உட்கார்ந்திருப்பார், பள்ளிக்கூட வாசலில் ஒருவர் மூடியைத் திறந்து காட்டுவார், மாமா செத்த வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து காதோடு, "சார், அதே குக்கர், இப்ப கைப்பிடி வேற கலர்ல வந்திருக்கு" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், வாத்தியாருக்குக் குக்கர் வாத்தியார் என்று பேரே வைத்தோம். ஆரோக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. "இன்டர்நெட்டுப் பக்கத்துல வெளம்பரம் ஒட்டினவனும் குக்கீ போடுவான் வே, பத்துக் கடையில ஒட்டினா பத்துக் கடையும் அவனுக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தார். அவர் கடையிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சத்தமாகச் சொல்லவில்லை. நாங்களும் என்ன என்று கேட்கவில்லை.

இனி செண்பகவல்லி கதைக்கு வர வேண்டும், வராமல் தப்பிக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றினோம். லாரி புக்கிங் ஆபீஸ் இசக்கிராஜன் மனைவி. இசக்கிராஜன் வெளியில் தோளில் கைபோட்டுப் பேசுகிற ஆள், கோயில் வரிக்கு முதல் ஆளாக நிற்பான். வீட்டுக்குள் அந்தக் கை வேறு கை. தெருவுக்கே தெரியும். சத்தம் கேட்டால் நாங்கள் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைப்போம், புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று.

கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு எங்களைவிட அதிகம் தெரியும். அவள் வந்து கையை நீட்டுவாள், அவர் வெள்ளைக் கயிற்றைத் தொடுவார், வாங்கிப்போன களிம்பும் பஞ்சும் பேண்டேஜும் முதல் தடவையிலிருந்து மொத்தமாக அவர் மேல் வந்து விழும். ஒன்றும் கேட்க மாட்டார். களிம்போடு இன்னும் கொஞ்சம் பஞ்சு சேர்த்து வைத்துக் கட்டிக்கொடுப்பார், அதுதான் அவரால் முடிந்தது. ஏசி வந்த வாரத்தில் அவர் சாம்பல் கயிற்றை எடுத்தபோது அவள் கேட்டாள், எங்கள் ஊரில் யாரும் கேட்காததை அவள் ஒருத்திதான் கேட்டாள்.

"இது என்ன அண்ணாச்சி, புதுசா இருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயி. ஏசி வச்சுக் குடுத்தவரு கட்டச் சொன்னாரு. சும்மாதான்."

அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் கையைக் கொடுத்தாள்.

அவள் போகத் தீர்மானித்திருந்தாள். மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனுக்குத் துணையாக ஆள் கேட்டிருந்தார்கள், வேலையோடு தங்க ஒரு அறையும் உண்டு. அதற்கு அவள் ஆரோக்கியம் கடையில் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்தாள், அங்கிருந்தே போன் பேசினாள். இன்னொரு நாள் பைக்கடையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். டிக்கெட் எடுக்கிற கடையில் மதுரைக்கு ஒரு ஆளுக்கு என்று விசாரித்தாள். ஆரோக்கியத்துக்கு ஜெராக்ஸும் போனும் மட்டும் தெரியும், பைக்கடைக்காரருக்குப் பெட்டி மட்டும் தெரியும், அண்ணாச்சிக்குக் காயம் மட்டும் தெரியும். யாரிடமும் அவள் முழுசாகச் சொல்லவில்லை, பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. அதெல்லாம் ஒன்றாகச் சேர்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மாடியில் ஏசிக்காரர் விரலிடுக்கில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இசக்கிராஜன் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கதவு திறந்து கிடந்தது, நாங்களும் அவரவர் வாசலில்தான் இருந்தோம். முதலில் ஒருவர் வந்தார், "அம்மா, அன்னைக்குப் பெட்டி பாத்தீங்களே, அதுக்கு ஏத்த பூட்டு, கைக்கு அடக்கமா இருக்கு" என்றார். அவர் நகர்வதற்குள் இன்னொருவர், "மதுரைக்கு ஒத்த டிக்கெட்டு, ஜன்னலோர சீட்டு, பொம்பளைங்க பக்கத்துலயே" என்றார். பின்னாலேயே ஒரு பெண், சிரித்த முகமாக, "விடுதி வேலைக்குப் போறவங்களுக்குன்னே கசங்காத சேலை வந்திருக்குக்கா" என்றாள். கடைசியாக ஒருவர் களிம்புக் குப்பியைக் காட்டி, இது வீக்கத்துக்கு ரொம்பக் கேக்கும் என்றார். எல்லோருமே நல்ல மனுஷர்கள், வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். வரிசையாக வந்து நின்றதைப் பார்த்து, ஐயோ, நாங்கள் சிரித்தோம். செண்பகவல்லிக்கும் குக்கர் வாத்தியார் கதியா என்று எங்களில் ஒருத்தி சொன்னாள், அதற்கும் சிரித்தோம். உள்ளே இசக்கிராஜன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு, நிதானமாகக் கை கழுவி, வந்தவர்களை மரியாதையாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

சிரிப்பு எங்கள் வாயிலேயே நின்றுபோனது. கதவு எங்களுக்கு எதிரேதான் இருந்தது, தட்டியிருக்கலாம். யாரும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வீட்டில் டிவிச் சத்தம் கூடியது, பிறகு எல்லா வீட்டிலும் கூடியது.

மறுநாள் காலை அவனே அவளை பைக்கில் ஏற்றி மருந்துக்கடைக்குக் கூட்டிவந்தான். புருவம் கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. அவளை உள்ளே அனுப்பிவிட்டு எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு, கடை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

அண்ணாச்சி அவள் கயிற்றைத் தொட்டார், எல்லாம் வந்தது. காயத்தைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். அவள் சத்தமில்லாமல் கேட்டாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லல அண்ணாச்சி. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. எப்படி வெளிய போச்சு?"

அண்ணாச்சி பஞ்சைக் கீழே வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். "நான்தான் தாயி. அந்தச் சாம்பக் கயிறு. ஏசிக்காரன் எதுக்குக் கட்டச் சொல்றான்னு எனக்குத் தெரியும். சும்மான்னு ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் கையை நீட்டினாள். "வெட்டுங்க."

"கட்டின கயித்த வெட்டினா ஆகாதும்மா."

"இதுக்கு மேல என்ன அண்ணாச்சி ஆகாமப் போகணும்?"

அண்ணாச்சி கத்தரியை எடுத்தார். சாம்பல் கயிறு மேசைமேல் விழுந்தது, விழுந்தபின்தான் அது எவ்வளவு நீளமென்று தெரிந்தது. "இன்னொண்ணும் சொல்லணும் தாயி. இத வெட்டினா இனிமே நீ போற எடம்தான் அந்த ஏசிக்காரனுக்குத் தெரியாது. இதுவரைக்கும் தெரிஞ்சது அவங்கிட்டத்தான் இருக்கும், அத யாரு கேட்டாலும் குடுப்பான். மதுரை அவனுக்குத் தெரியும்."

"அந்த வேலை, அந்த ரூமு..." என்று அவள் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். வாரக்கணக்கில் அடியைப் பொறுத்துக்கொண்டு அவள் தேடி வைத்திருந்த ஒரே இடம், அது இவருடைய ஒரு 'சும்மாதான்' சொல்லில் போய்விட்டது. அண்ணாச்சிக்குத் தன் கடையின் குளிரே அருவருப்பாக இருந்தது. போய் ஏசியை அணைத்தார்.

அவள் மஞ்சளை வெட்டச் சொன்னாள், சிவப்பை, கறுப்பை, பச்சையை. கடைசியாக வெள்ளை இருந்தது.

"இது இருக்கட்டும் தாயி, என் கயிறு. நாளப்பின்ன ஒனக்கு ஒண்ணுன்னா நான் அறிவேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன், சத்தியமா."

"சொல்ல மாட்டீங்க, தெரியும். சாம்பக் கயிறும் சொல்லாதுன்னு நினைச்சுத்தான நான் கையக் கொடுத்தேன்."

அண்ணாச்சி வெள்ளையையும் வெட்டினார். கடைக்குப் பின்னால் ஒரு வாசல் உண்டு, மருந்துப் பெட்டி இறக்குகிற சந்து, அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஏறும். அவளை அங்கே கூட்டிப்போனார். முதலில் கிளம்புகிற பஸ்ஸில் ஏறிக்கொள், எந்த ஊரென்று பார்க்காதே, ஒரு கடையிலும் ஏறாதே என்றார், சட்டைப் பையில் இருந்ததை அப்படியே அள்ளி அவள் கையில் திணித்தார். அவள் பின்வாசல் படியில் நின்றாள். படி தாண்டினால் அவருக்கு அவள் இல்லை, அது இருவருக்கும் தெரியும்.

"என்னைய மன்னிச்சிரு தாயி. இந்தப் படியத் தாண்டுறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

அவசரப்பட்டு ஒரு 'சரி' சொல்லிவிட அவளுக்கு மனசில்லை. "யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றாள், படி இறங்கினாள், போய்விட்டாள்.

டீ ஆறி, பொறுமை போய் இசக்கிராஜன் உள்ளே வந்தபோது அண்ணாச்சி கத்தரியைக் கையில் பிடித்தபடி நடுக்கடையில் நின்றிருந்தார். "எங்கய்யா என் பொண்டாட்டி?" என்று அவன் கத்த, "யாரு தம்பி? ஒங்களுக்கு என்ன மருந்து வேணும்?" என்றார். அவன் சட்டையைப் பிடித்தான், அறைந்தான், மறுபடியும் அறைந்தான். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அடிக்குச் சொல்லியிருப்பாரோ என்னவோ, அது யாருக்குத் தெரியும். அடி வாங்கும்போது அவர் அழுதது வலியால் இல்லை என்று மட்டும் பார்த்தவர்கள் சொன்னார்கள். இசக்கிராஜன் மாடிக்கு ஓடினான். ஏசிக்காரர் அதே மெதுவான குரலில், தடம் மருந்துக்கடையோடு முடிந்துவிட்டதாகவும், ஆனால் பழைய விவரம் இருக்கிறதென்றும் சொல்லி மதுரை விடுதி விலாசத்தை அவனுக்கு விற்றார். அவன் போய் அந்த விடுதி வாசலில் நாள்கணக்கில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தான். அன்று கடைக்குள் நடந்ததும், அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்பதும், அவளே பின்னால் சொல்லி எங்களில் ஓரிருவருக்குத் தெரியும், நாங்கள் வாயைத் திறப்பதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

அண்ணாச்சி ஏசியைக் கழற்றித் தெருவில் வைத்துவிட்டார். இப்போது வெள்ளைக் கயிறு கட்டும் முன்னால் ஒவ்வொருவரிடமும், இது என் கயிறு, நீங்க வாங்குற மருந்த எனக்குச் சொல்லும், வேற யாருக்கும் சொல்லாது, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நானே வெட்டியும் விடுறேன் என்று விளக்குகிறார். "அட கட்டுங்க அண்ணாச்சி, நேரமாகுது" என்கிறோம் நாங்கள். புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் ஏசி உள்ள மருந்துக்கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே கையை நீட்டுகிறார்கள்.

அவருக்குச் செண்பகவல்லி என்ற பேரும் தெரியாது, முகமும் தெரியாது. நாங்கள் சொல்லிப் பார்த்தோம், சொல்லச் சொல்ல வழுக்கிப் போகிறது. ஆனால் மறதி தின்றது வாங்க வந்தவளைத்தான், அவர் செய்ததை இல்லை. கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் பொய் சொன்னோம், அவள் தேடி வைத்திருந்த இடம் நம்மால் போயிற்று என்பது மட்டும் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. அதனால் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுக்குமுன், "என்னைய மன்னிச்சிரு தாயி" என்கிறார். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. சரி அண்ணாச்சி, பரவாயில்ல அண்ணாச்சி, மாத்திரையக் கொடுங்க என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் அவளே வந்து நின்று, யோசித்துவிட்டேன், மன்னித்தேன் என்றோ, மன்னிக்க மாட்டேன் என்றோ சொன்னாலும், அவருக்கு அது இன்னொரு பெண் சொன்ன பதிலாகத்தான் கேட்கும். அவள் படி இறங்கியதும் அதுவும் போய்விடும்.